நெஞ்சு என்று நான் எழுதிய இடம்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள நெட் சென்டரில் ஆறு வருடமாக அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாற்றம், பிறப்புப் பதிவில் விட்டுப்போன பெயர் என்று எதைக் கொண்டு வந்தாலும் எழுதிக் கொடுப்பேன். நான் நிரப்பிய மனு தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர்கள் இல்லை. அவர்களைப் பெற்றவர்களும் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் புத்தகப் பை தூக்கியவள் நான். பி.காம். முடித்தேன். ஊரில் யாருக்கு அரசாங்கக் காகிதம் வந்தாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினேன். அது என் அம்மாவுடைய படிவம். வெட்கத்தில் செய்த தவறு அது. அதனால் அதை வெட்கமில்லாமல் எழுதப் போகிறேன்.

பங்குனி மாதம். கொல்லையில் கடலை பறித்துக் குவித்திருந்தோம். அம்மாவும் நானும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நெஞ்சுல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதுத்தா."

"எங்க?"

முந்தானைக்கு மேலேயே கையை வைத்து, "இங்கிட்டு" என்றாள். எங்கிட்டு என்று நானும் கேட்கவில்லை. "வெயில் கட்டியா இருக்கும்மா" என்றேன். அவளும் "அப்படித்தான் இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் மறுபடியும் கடலையைப் பார்த்தோம்.

எங்கள் ஊரில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. பால் குடிக்கிற பிள்ளையிடம் பாச்சி என்போம். பிள்ளை பால் மறந்ததும் அந்த வார்த்தையும் வீட்டை விட்டுப் போய்விடும். மாட்டுக்குப் பெயர் உண்டு. முந்தின வருடம் எங்கள் பசுவுக்கு மடி வீங்கியபோது, கால்நடை ஆஸ்பத்திரியில் பத்து ஆம்பளைகளுக்கு நடுவில் நின்று, "எடது பக்கத்துக் காம்பு கல்லு மாதிரி இருக்கு டாக்டரே, நல்லா அமுக்கிப் பாருங்க" என்று சத்தமாகச் சொன்னவள்தான் என் அம்மா. தனக்கு என்று வந்தபோது அவள் நெஞ்சு என்றாள். சளி கட்டினால் நெஞ்சு, எலும்பு வலித்தால் நெஞ்சு, மனசு கலங்கினாலும் நெஞ்சு. எந்த இடத்தையும் சரியாகக் காட்டாத சொல் அது. அதனாலேயே எங்களுக்கு அது பிடித்திருந்தது.

மூன்று மாதம் மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போட்டாள். கட்டி கரையவில்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, தேங்காய் வியாபாரி. அப்பா குவைத்தில் இருப்பதால் எங்கள் வீட்டு விஷயங்களை எல்லாம் அவர்தான் முன்னால் நின்று பார்ப்பார். அவர் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த சர்ஜன் வயதானவர். அவர் முன்னால் அம்மா ஜாக்கெட்டின் மேல் ஊக்கு ஒன்றை மட்டும் கழற்றினாள். சேலையை இரண்டு விரல்கடை கீழே இறக்கினாள். அதற்கு மேல் முடியாது என்பதுபோல் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். கட்டி மேல்பக்கம் இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று. டாக்டரும் வற்புறுத்தவில்லை. வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். ஊசி போட்டுச் சதை எடுத்துத் திருச்சி லேபுக்கு அனுப்பலாம், அப்படியே நெஞ்சுக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்றார்.

சதை எடுத்து முடித்ததும் நர்ஸ் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"படிச்சவங்கதானே நீங்க? லேபுக்குப் போற பாரம். நீங்களே எழுதிருங்க. டாக்டர் கையெழுத்துப் போட்டுருவாரு."

பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம், சதை எடுத்த இடம். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஆறு எழுத்து. ஆனால் மாமா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் என் கை கூசியது. அம்மா சொன்ன நெஞ்சை அப்படியே இங்கிலீஷாக்கி, செஸ்ட், லெஃப்ட் சைடு என்று முத்து முத்தாக எழுதினேன். டாக்டர் தலையைக் கூடத் தூக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை ஒரு முறையும் ஸ்கேன் படத்தை ஒரு முறையும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"பீடி, சிகரெட் ஏதும் பழக்கம் உண்டா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னத்தா கேக்குறாரு?"

"நீ பீடி குடிப்பியான்னு கேக்குறாரும்மா."

"நானா? ஏன் சார், என்னயப் பாத்தா பீடி குடிக்கிற மூஞ்சியாவா தெரியுது?"

"அக்கா, பேசாம இரு" என்றார் மாமா.

"இந்தா நிக்கிறானே, இவன் குடிப்பான் சார். நாளைக்கு ரெண்டு கட்டு. இவனுக்கு ஊசியப் போட்டுப் பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "நுரையீரல் சம்பந்தப்பட்ட ஒரு டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு" என்றார்.

"பாசிட்டிவ்னா நல்லதுதானே சார்?" என்றார் மாமா.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் எங்களிடம் பேசினார். சதையை மெல்லிய சீவலாகச் சீவி, விதவிதமான சாயம் விட்டுப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு உறுப்பின் செல்லிலும் ஒவ்வொரு சாயம் பிடிக்குமாம். அம்மாவின் கட்டியில் டி.டி.எஃப்-1 என்ற சாயம் பிடித்திருக்கிறது. அது நுரையீரலில் பிடிக்கிற சாயம். ஸ்கேனிலும் இடது நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது. ஆகவே புற்றுநோய் நுரையீரலில் பிறந்து வெளியே பரவியிருக்கிறது. நான்காம் கட்டம்.

"ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லம்மா. ஒடம்பு தாங்கினா மருந்து குடுத்துப் பாக்கலாம். ஆனா குணமாகாது. இருக்குற வரைக்கும் வலி தெரியாம வச்சுக்குங்க."

திரும்பி வரும்போது மாமா பஸ்ஸில் என் காதோடு சொன்னார். "அக்காவுக்குத் தெரிய வேணாம். நீ வாயத் தொறக்காத. ஆசப்பட்டத வாங்கிக் குடுப்போம்."

அடுத்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, ரொட்டி. எங்கள் வீட்டில் அத்தனை ஆப்பிளை நான் ஒருசேரப் பார்த்ததே இல்லை. வந்தவர்கள் அம்மாவிடம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு, வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

நான்காம் நாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தேன். மனு எதற்காகத் தள்ளுபடியானது என்று கண்டுபிடிக்க நான் எப்படிக் காகிதத்தை வாசிப்பேனோ அப்படி வாசித்தேன். புரியாத சொல்லை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருந்த முடிவை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தேன். சதை எடுத்த இடம் என்ற வரியில், செஸ்ட் வால், லெஃப்ட் என்று இருந்தது.

செஸ்ட் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அங்கே ஒரு வால் சேர்ந்திருந்தது. வால் என்றால் சுவர். மார்புக்கூட்டின் சுவர், விலா எலும்பின் மேல் இருக்கிற சதை. நான் எழுதாமல் விட்ட சொல்லின் இடத்தில் ஒரு சுவரைக் கட்டிவிட்டார்கள். அந்தச் சுவரில் கட்டி எப்படி வரும் என்று யோசித்து, சாயம் விட்டு, நுரையீரலிலிருந்து வந்தது என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். அதன் கீழேயே, நோயாளியைப் பரிசோதித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை யாரும் வாசிக்கவில்லை. மார்பகத்துக்கு என்று செய்கிற எந்தச் சோதனையும் ரிப்போர்ட்டில் இல்லை. அங்கே மார்பகமே இல்லையே, எதற்குச் செய்வார்கள்?

கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"கட்டியக் காட்டும்மா."

"போடி அங்கிட்டு. பொழுது போகலயா ஒனக்கு?"

"காட்டு. நான் பாக்கணும்."

என் குரலில் என்ன இருந்ததோ, அவள் ஊக்கு எல்லாவற்றையும் கழற்றினாள். இருபத்தாறு வயதில், நான் பால் குடித்த இடத்தை முதல் முறையாக நேராகப் பார்த்தேன். கட்டி மேல்பக்கம் இருந்தது. ஆனால் மார்பில்தான் இருந்தது. சுவரில் இல்லை. தொட்டால் கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டது. அதற்கு மேலே தோல் ஒரு சின்னக் குழியாக உள்ளே இழுத்திருந்தது.

"அம்மா, ஒனக்கு வந்திருக்குறது புத்துநோய்."

"தெரியும்டி" என்றாள் அம்மா, ஊக்கைப் போட்டுக்கொண்டே. "ஒங்க பெரியத்தை ஜென்மத்துல எனக்கு ஒரு வாழப்பழம் வாங்கியாந்தவ இல்ல. அவ ஆப்பிளத் தூக்கிட்டு வாரா. எனக்குத் தெரியாதா?"

நான் எழுதிய தவறைச் சொன்னேன். நுரையீரலில் பிறந்தது என்றால் அறுக்க மாட்டார்கள், இருக்கிற நாளைத்தான் எண்ண வேண்டும், மார்பிலேயே பிறந்தது என்றால் மருந்து கொடுத்து அறுக்கலாம், பிழைக்க வழியுண்டு, இந்த இரண்டில் எது என்று இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நான் சொன்னதத்தானே நீ எழுதுன" என்றாள். "போய்த் திருத்திட்டு வா."

மறுநாள் புதுக்கோட்டை டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். "ஒரு வார்த்தையில என்னம்மா இருக்கு? சாயம் நுரையீரல்னு சொல்லுது, ஸ்கேனும் சொல்லுது. வீணா அலையாதீங்க" என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம், அம்மா கொல்லையில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மாமா வந்தார். டாக்டரிடம் நான் போனது அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"என்ன புள்ள, நீ படிச்ச படிப்புக்கு டாக்டருக்கே பாடம் எடுக்குறியா?"

"அவருக்கு இல்ல மாமா. தப்பா எழுதுனது நான். திருத்தணும். நாளைக்கு அம்மாவத் திருச்சி லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"சாகப்போறவள ஊரு ஊரா இழுத்துக்கிட்டு அலையப் போறியா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அதக் காட்டிக்கிட்டு..."

"எத மாமா?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க. எதக் காட்டிக்கிட்டு?"

"ஏய், ஆம்பளகிட்டப் பேசுற பேச்சா இது?"

"மொலை, மாமா. ஒங்க அக்காவோட மொலை. அதுல கட்டி. நானும் வாயால சொல்லல, அம்மாவும் சொல்லல, டாக்டரும் பாக்கல. யாருமே சொல்லாமதான் அவளுக்கு நாள் குறிச்சிருக்கோம்."

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தேன். மாமாவின் முகம் கறுத்துப்போனது. போனை எடுத்துக் குவைத்துக்குப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்து, "மச்சான், ஒங்க மக பேசுற பேச்சக் கேளுங்க" என்றார். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சொல்லையும் சேர்த்து. அந்தப் பக்கம் அப்பாவின் அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களும் கேட்டிருப்பார்கள்.

"மாப்ள" என்றார் அப்பா. "நான் இங்க வெயில்ல காஞ்சது அந்தப் புள்ளயப் படிக்க வைக்கத்தான். அது சொல்ற மாதிரி செய்யுங்க."

காலையில் மாமா வரவில்லை. அம்மாவும் நானும் ஆலங்குடியில் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, திருச்சிக்குப் போனோம். லேபின் கவுண்டரில் ஒரு பெண் இருந்தார். டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட் கொடுப்பதோடு சரி என்றார். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"என்ன விஷயம்னு சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்."

"சதை எடுத்த எடம் தப்பா எழுதியிருக்கு. செஸ்ட் இல்ல. பிரெஸ்ட். இடது மார்பகம். என் அம்மாவுக்கு மார்பகத்துல கட்டி."

வரிசையில் நின்றவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் அவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தாள். கவுண்டர் பெண் உள்ளே போய்விட்டு வந்து, "டாக்டர் வரச் சொன்னாங்க" என்றார்.

சாயம் பார்க்கிற அந்த டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தார்.

"பாரத்துல செஸ்ட்னு எழுதுனது யாரு?"

"நான்தான் மேடம்."

"டாக்டர் இல்லையா?"

"அவரு கையெழுத்துப் போட்டாரு."

அவர் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அம்மாவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கை கழுவினார். "எங்க கைக்கு வர்றது நூல் மாதிரி ஒரு துண்டு. எங்கேயிருந்து எடுத்ததுன்னு நீங்க எழுதுறத நம்பித்தான் என்ன தேடணும்னே முடிவு பண்ணுவோம். எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்" என்றார்.

"அப்ப சாயம் பொய்யா மேடம்?"

"இல்ல. சாயம் பிடிச்சது நெஜம். நுரையீரல்ல இருந்து வந்துச்சுங்கறது நாங்களாச் சேத்துக்கிட்டது. எப்பவாவது, ரொம்ப அபூர்வமா, மார்பகப் புற்றுநோயிலயும் இந்தச் சாயம் பிடிக்கும். மார்பகம்னு தெரிஞ்சிருந்தா அத யோசிச்சிருப்பேன்."

மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்க வைத்தார். நீல நிறத் தரையில் பழுப்புப் புள்ளிகள் இறைந்து கிடந்தன, தேங்காய் மட்டையைத் தட்டும்போது விழுகிற நார்த் தூள் மாதிரி. இத்தனூண்டு பழுப்பு நிறத்தை வைத்துத்தான் என் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஆனா ஸ்கேன்ல நுரையீரல்ல ஏதோ இருக்கே" என்று டாக்டர் யோசித்தார். "அம்மா, முன்னாடி எப்பவாவது டிபி வந்து மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமா. இவ ஒண்ணாப்பு படிக்கயில. ஆறு மாசம் மாத்திர போட்டேன்."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "என்கிட்டச் சொன்னதே இல்லயேம்மா."

"ஒங்கப்பாவுக்கே தெரியாது. மாமியா வீட்டுல தெரிஞ்சிருந்தா என்னய வச்சிருப்பாங்களா? சளின்னு சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒருநாள் அம்மா ஒன்றுக்குப் போன இடம் சிவப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா சாகப் போகிறாள் என்று அழுதேன். பீட்ரூட் தின்றேன் என்று சொல்லி என்னைச் சமாதானம் செய்தாள். எங்கள் வீட்டில் அந்த வாரம் பீட்ரூட்டே வாங்கவில்லை. அதைச் சொன்னதும், அது அந்த டிபி மாத்திரையின் நிறம் என்று டாக்டர் சொன்னார். நுரையீரலில் தெரிந்த நிழல் அந்தப் பழைய நோய் ஆறிய தழும்பாக இருக்கலாம், அதையும் சரிபார்க்கச் சொல்கிறேன் என்றார். மீதமிருந்த சதையிலிருந்து மறுபடி சீவல் எடுத்து, இந்த முறை மார்பகத்துக்கு உரிய சாயங்களை விட்டுப் பார்ப்பதாகவும், மார்பகத்துக்கான படம் எடுத்துக்கொண்டு வரும்படியும் சொன்னார்.

அந்த ஒரு வாரம் நான் தூங்கியதாக ஞாபகமில்லை. நான் நினைத்ததே தவறாக இருந்தால்? பிழைப்பாய் என்று ஆசை காட்டிவிட்டு, இல்லையம்மா, முதலில் சொன்னதுதான் சரி என்று எந்த வாயால் சொல்வேன்? கடையில் ஒருவருடைய மனுவில் அப்பா பெயரையும் மகன் பெயரையும் மாற்றி எழுதினேன். அனுப்புவதற்கு முன் கண்டுபிடித்துத் திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரே போன் செய்தார். மார்பகத்துக்குரிய சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி, சீவலின் ஓரத்தில் ஒரு பால்குழாய் அகப்பட்டிருக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் அந்தக் குழாயின் உள்ளேயே, இன்னும் வெளியே வராமல் அடைந்து கிடக்கின்றன. வேறு உறுப்பிலிருந்து வந்தது இப்படிக் குழாய்க்குள் இருக்காது. "அங்கேயே பொறந்தது. ஸ்கேன் பாக்குற டாக்டர்கிட்டயும் படத்தக் காட்டிக் கேட்டுட்டேன், நுரையீரல்ல இருக்குறது பழைய தழும்பு. பரவல" என்றார். ஹார்மோன் மாத்திரைக்கு மசியாத வகை, ஆகவே கடுமையான மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். நான் அந்தக் கடுமையான என்ற சொல்லையே கொண்டாடினேன். சாகப் போகிறவர்களுக்கு யாரும் கடுமையாக எதையும் செய்வதில்லை.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "அப்ப அந்த நுரையீரல் சாயம் எதுக்குப் புடிச்சுச்சாம்?"

"அப்பா லீவுல வரும்போது குவைத் சென்ட் அடிச்சுக்கிட்டு வருவாருல்ல? அந்த வாசத்த வச்சு அவரு குவைத்துல பொறந்தவருன்னு சொல்லுவியா?"

"ஒங்கப்பா சென்ட் அடிக்காட்டியும் குவைத்துல பொறந்தவரு மாதிரிதான் நடப்பாரு" என்றாள் அம்மா. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

புதிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை டாக்டரிடம் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. வைத்தியத்தைத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பதாக முடிவாகியிருந்தது. ஆனாலும் டோக்கன் போட்டு, முப்பது பேருக்குப் பின்னால் உட்கார்ந்து, முறைப்படி உள்ளே போய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கணும்லம்மா?"

"மொதத் தடவ சொல்லாதது என் தப்பு சார். ரெண்டாவது தடவ வந்து சொன்னேன். அதக் கேக்காதது ஒங்க தப்பு."

அவர் முகம் சிவந்தது. ரிப்போர்ட்டை மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். பிறகு, "ஒரு நகல் குடுத்துட்டுப் போங்க" என்றார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

முதல் மருந்து ஏறிய நாளில் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு இளநீரை இறக்கி வைத்துவிட்டு, நர்ஸிடம் போய், "எங்க அக்காவுக்கு மார்பகத்துல..." என்று ஆரம்பித்து, இருமி, "மார்பகத்துல புற்றுநோய். இளநீர் குடுக்கலாமா?" என்று கேட்டு முடித்தார். அவரை அதற்கு மேல் நான் சோதிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து. இரண்டாவதுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. முக்காடு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா பக்கத்துத் தெரு நாவிதரை வரச் சொல்லி, மிச்சத்தையும் வழித்துவிட்டாள். வாய்ப்புண், வாந்தி, நகமெல்லாம் கறுப்பு. சில நாள் என்னைத் திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் நான்காவது மருந்தின்போது டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது என்றார். இன்னும் இரண்டு முடித்துவிட்டு அறுத்து எடுத்துவிடலாம். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். உத்தரவாதம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கட்டி சுருங்கியதே எனக்குப் போதும்.

அன்றைக்கு மத்தியானம் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம். மூன்று பேர் சீட்டில் அம்மாவோடு இரண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். ஓரத்தில் இருந்த அம்மாள் அம்மாவின் மொட்டைத் தலையை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கீரனூர் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"எந்தக் கோயில் மொட்டை? சமயபுரமா?"

"கோயில் இல்ல" என்றாள் அம்மா.

"பின்ன?"

"கேன்சர். ஊசி மருந்துல கொட்டிருச்சு."

அந்த அம்மாளின் முகம் மாறியது. கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினார். இரண்டு பேரும் எழுந்து, கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்கள்.

ஒட்டாதுங்க, தொத்து நோயில்லை என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அம்மா காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். கட்டைப் பையை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் வைத்தாள். காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

"கத்தாத. காத்தாட எடம் கெடச்சிருக்கு. வா, இங்கிட்டு வந்து ஒக்காரு."